நிறுத்திய வண்டியில் தூங்காதது எது?

(குன்னூரில் வாடகை வாகன ஓட்டுநர்கள், பணிமனைத் தொழிலாளர்கள், தொழிற்பயிற்சி மாணவர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் முன்னால், வண்டி ஓடாத நேரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ராத்திரி நல்லபடியாக நிறுத்திய கார், காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்கிறது. செல்ஃப் எடுக்கவில்லை. மீட்டர் போர்டு வெளிச்சம் மங்கிப்போகிறது. பேட்டரி டவுன்.

சமவெளியில் இப்படி நடந்தால் ஓட்டுநர் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வார். நம் ஊரில் வாசலே சரிவு. இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, வண்டி உருண்டதும் கிளட்சை விட்டால், பக்கத்து வீட்டைத் தாண்டுவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே கிளம்பிவிடுகிறோம். மறுநாளும் அதே வித்தை. இப்படியே மாதக்கணக்கில் ஓடிவிடும். நீலகிரியில் பேட்டரிக் கோளாறு சீக்கிரம் பிடிபடாமல் போவதற்கு இந்தச் சரிவுதான் முதல் காரணம். இன்ஜின் ஓடாமல் உருளும் வண்டியில் பிரேக் இறுகிப்போகும், பவர் ஸ்டீயரிங் வேலை செய்யாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் இந்த வித்தையே பலிக்காது.

கடைசியில் ஒரு நாள் பேட்டரி கடைக்குப் போகிறோம். ‘பனிக்காலம், அப்படித்தான் இருக்கும், மாத்திடுங்க’ என்கிறார்கள். மாற்றுகிறோம். மூன்று மாதத்தில் புது பேட்டரியும் அதே கதி. பேட்டரி கம்பெனியைத் திட்டுகிறோம். இதற்கு நடுவில் யாருமே மீட்டரைக் கையில் எடுத்து அளந்திருக்க மாட்டார்கள். இன்று நான் சொல்ல வந்தது அந்த ஒன்றைத்தான்: அளக்காமல் பேட்டரி வாங்காதீர்கள்.

அளப்பது எதை? மின்சாரத்தைப் பற்றி நீலகிரிக்காரர்களுக்குப் பாடம் எடுப்பது சுலபம். 1932இல் மின் உற்பத்தி தொடங்கிய பைக்காரா திட்டம் நம் மாவட்டத்தில் இருக்கிறது. பைக்காராவின் தண்ணீர் குழாய் வழியே சிங்காராவுக்கு இறங்குகிற உயரம் வோல்ட். குழாயில் ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறதோ அது ஆம்பியர். அணையில் மொத்தம் எவ்வளவு இருக்கிறதோ அது ஆம்பியர்-மணி. பேட்டரியின் மேல் 35, 45, 65 என்று அச்சிட்டிருப்பது அதைத்தான். ஷட்டரை மூடிய பிறகும் அணை இறங்குகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. அணையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினாலும் அந்தக் கசிவு இருந்த இடத்தில்தான் இருக்கும்.

கசிவே இல்லாத கார் இன்று கிடையாது. சாவியை எடுத்த பிறகும் கடிகாரம் ஓட வேண்டும், ரிமோட்டுக்குக் கதவு திறக்க வேண்டும், இன்ஜின் கம்ப்யூட்டர் தன் நினைவைக் காப்பாற்ற வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும். இது நியாயமான செலவு. 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. சின்ன காரில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி கரைந்தாலே ஸ்டார்ட் ஆவது சந்தேகம். அந்தப் பாதி கரைய மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும்.

இந்தக் கணக்கை ஊரே சேர்ந்து சோதித்துப் பார்த்த காலம் ஒன்று உண்டு. 2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது. முதலில் அறிவித்தது 21 நாள். பிறகு நீண்டுகொண்டே போயிற்று. சீசனை நம்பியிருந்த டாக்சிகள் எல்லாம் ஸ்டாண்டிலும் வீட்டு வாசலிலும் நின்றன. கோளாறே இல்லாத வண்டியும் ஒரு மாதம் கழித்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அதில் வியப்பில்லை. கணக்கே அப்படித்தான் வருகிறது. மூன்றாம் நாளே படுத்துக்கொண்ட வண்டிதான் விசாரிக்க வேண்டிய வண்டி. நின்ற வண்டி எத்தனை நாளில் படுக்கிறது என்பதே முதல் தடயம். பணிமனைக்குப் போனால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சரி, பனியை என்ன செய்வது? டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு அருகே தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும்போது பழியைப் பனி மேல் போடுவது வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்கிற பேட்டரிக்குக் குளிர் நண்பன். பேட்டரி தானாகவே மெல்ல இறங்குகிற இயல்பு வெப்பத்தில் கூடும், குளிரில் குறையும். காரிலிருந்து கழற்றி வைத்த ஒரே மாதிரியான இரண்டு பேட்டரிகளில், மேட்டுப்பாளையத்தில் வைத்ததைவிட ஊட்டியில் வைத்தது அதிக நாள் தாங்கும். குளிர் கெடுதல் செய்வது சாவியைத் திருப்பும் அந்த ஒரு நிமிடத்தில்தான். உறைநிலையை நெருங்கும்போது பேட்டரி தரக்கூடிய அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இன்ஜின் ஆயில் கெட்டியாகி செல்ஃப் மோட்டாருக்குப் பாரம் கூடும். டீசல் வண்டியாக இருந்தால் ஹீட்டர் பிளக் வேறு தன் பங்கைக் கேட்கும். நிறைந்த பேட்டரி இத்தனையையும் தாங்கும். ராத்திரி முழுக்கக் கசிந்து அரைகுறையாக நிற்கிற பேட்டரி தாங்காது. ஆக, கசிவு செய்த குற்றத்தைப் பனி வெளியே காட்டிக்கொடுக்கிறது.

கசிவும் புதிதல்ல. எஸ்டேட் ஜீப்பிலும் பழைய அம்பாசடரிலும் டைனமோ இருந்த காலத்தில் ‘கட்-அவுட்’ என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். இன்ஜின் நின்றதும் டைனமோவைப் பேட்டரியிலிருந்து பிரித்துவிடுவது அதன் வேலை. அதன் முனை தீய்ந்து ஒட்டிக்கொண்டால் பேட்டரி தலைகீழாக டைனமோவுக்கே மின்சாரம் கொடுக்கும், விடிவதற்குள் காலி. பிறகு ஆல்டர்னேட்டர் வந்தது. நாம் இன்னும் அதையும் டைனமோ என்றுதான் சொல்கிறோம். கட்-அவுட் செய்த வேலையை இப்போது அதனுள் இருக்கும் டயோடுகள் செய்கின்றன. டயோடு பழுதானால் அதே கதை திரும்பவும் நடக்கும். அன்று அந்த வண்டிகளில் சந்தேகப்பட வேண்டியவை கை விரல்களுக்குள் அடங்கும். இன்று கதவுக்கு ஒரு கம்ப்யூட்டர், பூட்டுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. போதாக்குறைக்கு நாம் சேர்ப்பவை: மஞ்சள் ஃபாக் லைட், ரிவர்ஸ் கேமரா, டேஷ் கேமரா, ஆம்ப்ளிஃபயர். 2019 ஜனவரி முதல் புதிய பயணியர் வாடகை வாகனங்களுக்கு இருப்பிடம் காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் விதியாக வந்தன. ஒவ்வொன்றும் நேர்மையான கருவியே. எப்படி இணைத்தார்கள் என்பதில்தான் வம்பு.

இப்போது மீட்டரைக் கையில் எடுப்போம். கசிவைத் தேடுவதற்கு முன் இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரியே கிழமா? சார்ஜ் சரியாக ஏறுகிறதா?

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் அபாயம். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஹெட்லைட், வைப்பர், கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒருமுறை பாருங்கள். மழைக்கால மூடுபனியில் நாம் ஓட்டுவது அப்படித்தானே. அப்போதும் 13.5க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் கசிவைத் தேடுவதற்கு முன் டைனமோ பெல்ட்டைப் பாருங்கள்.

அடுத்த சோதனைக்கு மீட்டர்கூட வேண்டாம். 10ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு, ராத்திரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள். காலையில் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். பளிச்சென்று எடுத்தால் பேட்டரி நல்லது, வண்டிக்குள் திருடன் இருக்கிறான். கழற்றி வைத்தும் படுத்துவிட்டால் பேட்டரியே போய்விட்டது. அப்போது மாற்றுங்கள், நானே சொல்கிறேன். பூட்டு மின்சாரத்தில் இயங்கும் வண்டியானால் சாவியை உள்ளே வைத்துவிடாதீர்கள். கடிகாரமும் ரேடியோவும் தம் நினைவை இழக்கும். சில வண்டிகளில் ரேடியோ ரகசிய எண்ணைக் கேட்கும், அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

திருடன் உள்ளே என்று உறுதியானால், அவன் எவ்வளவு எடுக்கிறான் என்று பார்க்க வேண்டும். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டர் வர வேண்டும். அதாவது போகிற மின்சாரம் எல்லாம் மீட்டருக்குள் புகுந்து போக வேண்டும். கேபிளைக் கழற்றிய கணத்தில் தொடர்பு அறுந்து, திரும்ப இணைத்ததும் வண்டியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க, முதலில் ஒரு தனி ஒயரால் கேபிளையும் முனையையும் இணைத்து வைத்துவிட்டு, பிறகு கேபிளைக் கழற்றி மீட்டரை மாட்டுங்கள். மீட்டர் சரியாக மாட்டியதும் அந்த ஒயரை எடுத்துவிடுங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது, ஹெட்லைட் போடக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

இங்கேதான் பெரும்பாலோர் பொறுமை இழக்கிறார்கள். மாட்டியதும் மீட்டர் 3 ஆம்பியர், 4 ஆம்பியர் என்று காட்டும். ‘பார்த்தீங்களா, இவ்வளவு லீக்கேஜ்!’ என்று ஒயரிங்கைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அது கசிவே அல்ல. நீங்கள் கதவைத் திறந்தீர்கள், பானெட்டைத் தூக்கினீர்கள், வண்டி விழித்திருக்கிறது. கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். கதவு திறந்திருந்தாலும் வண்டி மூடியதாக நினைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அதை விடுவித்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டியானால் சாவியைத் தூரமாகக் கொடுத்தனுப்புங்கள். சாவி பக்கத்தில் இருந்தால் சில வண்டிகள் தூங்காது. பிறகு காத்திருங்கள். சில வண்டிகள் பத்து நிமிடத்தில் அடங்கும். சிலவற்றுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். எண் படிப்படியாக இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்த எண்தான் நமக்கு வேண்டியது.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். டீசல் செடான், 65 ஆம்பியர்-மணி பேட்டரி, குன்னூர் டாக்சி. மே மாதம் முழுக்க ஒரு குறையும் இல்லை. ஜூனில் மழை பிடித்துச் சவாரி குறைந்ததும் தொல்லை ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை நிறுத்தினால் புதன்கிழமை எடுக்காது. உரிமையாளர் ஏற்கெனவே பேட்டரியை மாற்றிவிட்டார். மீட்டரை மாட்டினோம். 4இல் தொடங்கி, 1.2க்கு வந்து, 0.62இல் நின்றது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 15 ஆம்பியர்-மணி. இரண்டு நாள் சொச்சத்தில் பாதி பேட்டரி காலி. ஞாயிறு, புதன் கணக்குச் சரியாக வந்துவிட்டது. தினமும் ஓடிய மே மாதத்தில் பகலில் ஏறியது ராத்திரி இறங்கியதை ஈடுகட்டிவிட்டது, வேறொன்றுமில்லை.

பிறகு ஃபியூஸ்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்து, திரும்பச் செருக வேண்டும். இன்ஜின் பக்கத்துப் பெட்டியில் ஒன்றும் அசையவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பெட்டியில் ஆடியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.62 சட்டென்று 0.03 ஆயிற்று. ‘செட் ஆஃப்லதானே இருக்கு?’ என்றார் உரிமையாளர். உண்மைதான், திரை இருட்டாகத்தான் இருந்தது. ஃபியூஸைத் திரும்பச் செருகிவிட்டு, முன் சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்தேன். ராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற வண்டி. கதவு, ஸ்டீயரிங், சீட் கம்பி எல்லாம் சில்லிட்டுக் கிடந்தன. அந்தப் பெட்டி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஓரத்தில் கடுகளவு பச்சை விளக்கு.

செட்டைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் வெளியே வந்தது. பாட்டுப் பெட்டிக்கு இரண்டு பாசிட்டிவ் ஒயர் உண்டு. மஞ்சள் எப்போதும் மின்சாரம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும், நினைவைக் காப்பதற்கு. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்குப் போக வேண்டும். பொருத்தியவர் இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கி டேப் சுற்றியிருந்தார். சாவியை எடுத்தாலும் செட் அடங்கவில்லை. செட் அடங்காததால் நீல ஒயர் வழியே ஆம்ப்ளிஃபயருக்கு ‘விழித்திரு’ என்ற உத்தரவு போய்க்கொண்டே இருந்தது. சிவப்பு ஒயரைப் பிரித்துச் சரியான இடத்தில் கொடுத்தோம். வேலை அவ்வளவுதான், ஒரு முழ ஒயரும் கொஞ்சம் டேப்பும். புது பேட்டரிக்குக் கொடுத்த காசு திரும்ப வரவில்லை.

எல்லா வண்டியிலும் இவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. அத்தனை ஃபியூஸையும் பிடுங்கிய பிறகும் எண் இறங்கவில்லை என்றால், ஃபியூஸ் பெட்டிக்கு வராமல் பேட்டரியிலிருந்து நேராகப் போகும் வழிகளைப் பாருங்கள். செல்ஃப் மோட்டார், டைனமோ, வெளியில் பொருத்திய கருவிகள் மூன்றும்தான் பெரும்பாலும். மீட்டரை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்து, டைனமோவின் தடித்த ஒயரைப் பிரித்து, முனையைச் சுற்றி மூடிவிட்டுத் திரும்ப அளந்தால் டயோடு பழுதா என்று தெரிந்துவிடும். ஃபியூஸைப் பிடுங்கினால் தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொள்கிற புது வண்டிகளில், பிடுங்காமலே பார்க்க ஒரு வழி உண்டு. ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்துத் தொடுங்கள். சுழியமாக இருந்தால் அந்த வழியில் ஒன்றும் போகவில்லை. சுழியம் இல்லை என்றால் போகிறது.

நம் மலைக்கே உரிய சில குற்றவாளிகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது ஈரம். தென்மேற்குப் பருவமழை முடிவதற்குள் வடகிழக்கு வந்துவிடும் ஊர் இது. இடையில் மூடுபனி வேறு. கப்ளருக்குள் ஈரம் புகுந்து பச்சை பூத்தால் மின்சாரம் வழி தவறும். பேட்டரியின் தலையில் ஈரமும் அழுக்கும் படிந்தாலே போதும், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அதன் மேலேயே கசியும். மீட்டரின் ஒரு முள்ளை நெகட்டிவிலும் மறு முள்ளைப் பேட்டரியின் பிளாஸ்டிக் தலையிலும் வைத்துப் பாருங்கள். வோல்ட் காட்டினால் கழுவித் துடைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கொஞ்சம் சமையல் சோடா கலந்த தண்ணீர் போதும். மூடிகளுக்குள் அது போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முனைகளில் வாஸ்லின் தடவுங்கள்.

இரண்டாவது எலி. குளிருக்கு இன்ஜின் சூடு அதற்கு மெத்தை. ஒயரின் தோலைக் கடித்துவிட்டால் அங்கே பாடி எர்த். மூன்றாவது, தோட்டத்துப் பிக்கப் வண்டிகள். ஈரத் தேயிலை மூட்டைகளோடு கரடுமுரடான எஸ்டேட் ரோட்டில் குலுங்கும் வண்டியில் பின் விளக்குக்குப் போகும் ஒயர் சேஸிஸில் உராய்ந்து தோல் உரியும். நான்காவது டிக்கி விளக்கு. மூடி சரியாகப் பூட்டவில்லை என்றால் உள்ளே 5 வாட் பல்பு எரிந்துகொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. ஐந்து வாட்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி அது. செல்போனை வீடியோவில் போட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பாருங்கள்.

ஒட்டிக்கொண்ட ரிலே தனி ரகம். ஒரு நாள் ஒட்டும், மறுநாள் ஒட்டாது. பணிமனைக்குப் போகும் நாளில் ஒட்டவே ஒட்டாது. ராத்திரி நிறுத்தும்போதும் காலையிலும் பேட்டரி வோல்ட்டைக் குறித்து வையுங்கள். எந்த ராத்திரி சரிந்தது, அன்று மழையா, எதை உபயோகித்தீர்கள் என்று எழுதி வைத்தால் எலக்ட்ரீஷியனின் பாதி வேலை முடிந்தது. சரிந்த காலையில் ரிலேக்களைத் தொட்டுப் பாருங்கள். வேலை இல்லாத ரிலே சூடாக இருக்கக் காரணமே இல்லை.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பீர்கள். கார் பேட்டரி ஆழமாக இறங்கி ஏறுவதற்குச் செய்ததல்ல. ஒவ்வொரு முறை காலியாகும்போதும் ஈயத் தகட்டில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கொஞ்சம் சுருங்கும். காலி பேட்டரியை நிறைக்க டைனமோ முழு மூச்சில் உழைத்துச் சூடேறி, அதன் ஆயுளும் குறையும். போதாததற்கு, 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டியில் பொழுது சாய்ந்த பிறகு, சுற்றுலா வந்த குடும்பத்தை வைத்துக்கொண்டு, யானை நடமாடும் இடத்தில் வண்டி எடுக்காமல் நிற்பது என்ன கொடுமை என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நல்ல பேட்டரியைத் தவறாகத் தூக்கி எறிவது ஈயத்தை வீணாக வெளியே தள்ளுவதும்கூட. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் பழையதை முறையாக ஒப்படைக்கச் சொல்கின்றன. பழைய இரும்புக் கடையில் போடாமல் பேட்டரி கடையிலேயே கொடுங்கள்.

ஓட்டுநர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி நல்லபடியாக இருக்கும் இன்றைக்கே, அது தூங்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று ஒருமுறை அளந்து, பானெட்டின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். புதிதாக எந்தக் கருவி பொருத்தினாலும் திரும்ப அளந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். எண் ஏறியிருந்தால், பொருத்தியவரை அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள்.

பணிமனைத் தோழர்களுக்கு: மீட்டர் காட்டும் எண்ணை வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். பழுது பார்க்கும் முன் 0.62, பார்த்த பின் 0.03 என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். உரிமையாளர்களுக்கு: ஒன்றையும் மாற்றாமல் இரண்டு மணி நேரம் செலவழித்துக் கோளாறைக் கண்டுபிடித்தவருக்குக் கூலி கொடுக்கத் தயங்காதீர்கள். பொருளுக்கு மட்டும்தான் காசு, புத்திக்குக் காசு இல்லை என்றால், எல்லோரும் பொருளைத்தான் விற்பார்கள். நீங்களும் வருஷத்துக்கு ஒரு பேட்டரி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.